உண்மையும் இலக்கணமும்: மலையகத்தில் ஒரு பழைய வினா

இலங்கையில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த இனங்களில் டி.ஆர்.ஐ. 2025 பெயர்பெற்றது. அது விதை போட்டு வந்ததல்ல. தாய்ச்செடியின் தண்டை ஓர் இலையோடு நறுக்கி நட்டு, அது வளர்ந்ததும் அதிலிருந்து நறுக்கி, இப்படியே மலை மலையாகப் பரப்பியது. தோட்டத்தில் இதை வி.பி. தேயிலை என்பார்கள். விதைத் தேயிலை மலையில் அடுத்தடுத்த தூர்களே இலையின் நிறத்திலும் துளிர்க்கும் வேகத்திலும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும். வி.பி. மலையில் நிரை முழுக்க ஒரே முகம்.

"டி.ஆர்.ஐ. 2025 என்றால் என்ன?" என்று கேட்டால் விடை ஒன்றுதான். இலை எப்படி, வறட்சியைத் தாங்குமா, எந்த உயரத்துக்கு ஏற்றது என்று ஆராய்ச்சி நிலையத்தின் கையேடு சொல்லிவிடும். மூன்றாவது நிரையில் ஏழாவதாக நிற்கும் தூர் பட்டுப்போய்விட்டதா, துளிர்க்கிறதா என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. மலைக்கு ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரு பொருள் இன்னது என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு. முன்னதை எத்தனை பக்கத்துக்கு விரித்தாலும் பின்னது அதற்குள்ளிருந்து வந்துவிடாது. மெய்யியலில் ஆயிரம் ஆண்டுகளாக ஓயாத ஒரு வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அதைக் கூர்மையாக்கியவர் பாரசீகத்து மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனா (980–1037). குதிரைத்தன்மையைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஒன்றும் அல்ல, பலவும் அல்ல; வெளியே இருப்பதும் அல்ல, மனத்தில் இருப்பதும் அல்ல; வெறும் குதிரைத்தன்மை மட்டுமே என்றார். அது இருப்புக்கு வர வேண்டுமானால் புறத்திலிருந்து ஒரு காரணம் இருப்பைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கப்படாமல், தன்னாலேயே இருப்பவன் இறைவன் ஒருவனே. 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு ஒரு சிறுநூலே எழுதினார். பீனிக்ஸ் பறவை இன்னது என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பறவை உலகில் உண்டா என்பது அந்த அறிவில் அடங்கவில்லை என்பது அவர் தந்த சான்று. 17ஆம் நூற்றாண்டு ஈரானில் முல்லா சத்ரா இதைத் தலைகீழாக்கினார். மெய்யாக உள்ளது இருப்பு மட்டுமே, இயல்பு என்பது அதன்மீது மனம் போடும் எல்லைக்கோடு, இருப்பிலும் கூடுதல் குறைவு உண்டு என்பது அவர் வாதம். 1781இல் கான்ட், இருப்பது என்பதைப் பொருளின் குணப்பட்டியலில் இன்னொரு குணமாகச் சேர்க்க முடியாது என்று கதவை அறைந்து மூடினார். நினைப்பில் உள்ள நூறு நாணயத்துக்கும் கையில் உள்ள நூறு நாணயத்துக்கும் கருத்தளவில் ஒரு காசும் வித்தியாசமில்லை. வித்தியாசம் மடியில்தான் தெரியும். 1945இல் பாரிஸில் சார்த்தர் ஆற்றிய உரை கடைசிப் பெரிய திருப்பம்: கத்தி செய்பவனின் மனத்தில் கத்தியின் இயல்பு முதலில், கத்தி பிறகு, மனிதன் அப்படியல்ல, முதலில் இருக்கிறான், பிறகுதான் தன்னை இன்னவன் என்று ஆக்கிக்கொள்கிறான்.

இந்த வரிசையில் தமிழுக்கு இடமில்லை என்றே நம்முடைய பாடநூல்கள் நினைக்கின்றன. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 12 சூத்திரங்களே கொண்டது. அதன் வைப்புமுறையைப் பாருங்கள். முதல் மூன்று சூத்திரங்கள் பிரமாணவியல்: பதி (இறைவன்) உண்மை, பாச (தளை) உண்மை, பசு (உயிர்) உண்மை. அடுத்த மூன்று இலக்கணவியல்: பசு இலக்கணம், பாச இலக்கணம், பதி இலக்கணம். இங்கே உண்மை என்றால் உள்ளதாம் தன்மை. முதலில் உண்டு என்று நாட்டிவிடு, அதன் பிறகு இன்னது என்று பேசு என்பதே இந்த வரிசை. அரிஸ்டாட்டிலும் அறிவுத் தேட்டத்தின் கேள்விகளை இதே முறையில்தான் அடுக்கினார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சமய சாத்திரம் தன் அத்தியாயப் பிரிவையே இந்த வரிசையில் கட்டியிருப்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. பசு உண்மையைச் சொல்லும் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. முதற்காரணம் அழகானது. "உயிர் என்று ஒன்று இல்லை" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனாலும், இல்லை என்று சொல்லும் அறிவு ஒன்று மிஞ்சி நிற்கிறதே, அதுதான் உயிர்.

இலங்கைத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மலையகத்து மக்களின் 200 ஆண்டு வரலாறு, இந்த வரிசை தலைகீழாக மாற்றப்பட்ட வரலாறு என்று நான் நினைக்கிறேன். அவர்களிடம் எவரும் முதலில் "இருக்கிறாயா?" என்று கேட்கவில்லை. "நீ என்ன?" என்று கேட்டார்கள். விடை பிடிக்காதபோது இருப்பதையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கோப்பிக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்று பெயர். துண்டு கையில் இல்லாதவனை இன்னொரு தோட்டத்துத் துரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஆள் முன்னால் நிற்கிறான். ஆனால் துண்டில் இருந்தால்தான் அவன் ஆள். இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டி அனுப்பப்பட்டவர்களின் கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார்கள். எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதை அந்த எண் சொல்லிவிடும். வழியில் ஆள் மாறிப் போகாமலிருக்கவும், செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்று தெரியவும் செய்த ஏற்பாடு. தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபத்தில் இறங்கி நோய்த்தடுப்பு முகாமில் நின்றவரின் பெயரை எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், இன்றைக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து, மலைக்கு ஏறி, நாள் முழுக்க மட்டக்கம்பை இழுத்துப் போட்டுக் கொழுந்து எடுத்தவர் அன்றைய அளவை எட்டிவிட்டால் ஒரு பேர். எட்டவில்லை என்றால் அரைப்பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்பது பரவலாகக் காதில் விழுவது. மழைக்காலத்துக்கு ஓர் அளவு, வறட்சியில் வேறோர் அளவு என்று சில இடங்களில் பேசி முடிவாகும், சில இடங்களில் பேச்சே கிடையாது. அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இந்த வழக்கைப் பார்க்கலாம். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது, முற்றல் இலை இருக்கிறது, சாக்கின் எடை இருக்கிறது என்று கணக்கப்பிள்ளை கழித்த பிறகு 15 அல்லது 16 என்று விழும். "அரைப்பேருதான்" என்று பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். முல்லா சத்ரா சொன்ன கூடுதல் குறைவான இருப்பை விளக்க வகுப்பறையில் அரை மணி நேரம் வேண்டும். இங்கே ஒரு சொல் போதும். எட்டு மணி நேரம் முழுசாக மலையில் நின்ற ஒருத்தி, பதிவேட்டில் பாதியாக இருக்கிறாள்.

இவையெல்லாம் தோட்டத்து எல்லைக்குள் நடந்தவை. 1948இல் இதே தலைகீழ் வரிசை நாட்டின் சட்டமானது.

அந்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அளவுகோலாக வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர், தன் தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தான் இங்கே பிறந்தேன், இங்கேதான் உழைக்கிறேன், பிள்ளைகளை இந்த மண்ணில்தான் புதைத்திருக்கிறேன் என்பவை சான்றாக ஏறவில்லை. லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்த பூட்டனுக்குப் பிறப்புப் பதிவை யார் எழுதி வைத்தார்கள்? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று ஒரு பக்கவாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் என்றால் 7 ஆண்டும் மணமாகாதவர் என்றால் 10 ஆண்டும் இடையறாமல் இங்கே வதிந்ததை நிறுவ வேண்டும். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியவர்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு வாக்குரிமை குடியுரிமையோடு முடிச்சுப் போடப்பட்டது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து போனவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வழக்கு இலண்டன் வரை போனது. கோடக்கன்பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த மேன்முறையீட்டை 1953இல், அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது. தன் பிரசைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான உரிமை, இந்தச் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இப்னு சீனாவின் கடவுள் இயல்புகளுக்கு இருப்பைக் கொடுக்கிறவர். இலங்கைச் சட்டசபை அந்த இடத்தில் தன்னை உட்காரவைத்துக்கொண்டது. பிரிவி கவுன்சில் அந்த ஆசனத்தைச் சரிபார்த்து ஒப்பமிட்டது.

இந்த இடத்தில் மெய்யியல் படித்தவர் ஒருவர் குறுக்கிடுவார், குறுக்கிடத்தான் வேண்டும். குடியுரிமை என்பது இருப்பல்ல, அது ஒரு குணம், ஒரு தகுதி. அதைப் பறித்தால் மனிதன் இல்லாமற் போவதில்லை. அடுத்த நாள் காலையிலும் அதே பெண் அதே மலைக்கு ஏறினாள். கான்ட் சொன்னபடி பார்த்தால் இங்கே போனது பட்டியலில் ஒரு வரி மட்டுமே. தத்துவச் சொல்லை அரசியலுக்கு இழுத்து அழவைக்கிறீர்களே என்று அவர் கேட்பார்.

தர்க்கத்தின்படி அவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் 1951இல் அரசியல் சிந்தனையாளர் ஹானா ஆரெண்ட், தானே ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டு நாடற்றவராக அலைந்தவர், ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மனித உரிமை என்பது மனிதன் என்ற ஒரே தகுதிக்கு உரியது என்கிறார்கள். எல்லா அடையாளமும் உரிக்கப்பட்டு வெறும் மனிதனாக ஒருவன் நிற்கும்போதோ, அந்த உரிமையை அவனுக்குக் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. "இன்னவன்" என்பது முழுதும் போய்விட்டால் "இருக்கிறான்" என்பது காதில் விழுவதில்லை. நாடற்றவர் இருப்பை இழப்பதில்லை. தன் இருப்பைப் பிறர் கணக்கில் எடுக்கும் இடத்தை இழக்கிறார். கான்டுக்கு இதில் மறுப்பிருக்காது. மலையகத்துக்கு இதுதான் நடந்தது.

இதன் உச்சம் 1964 அக்டோபர் 30. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம். ஏழு பேர் போனால் நான்கு பேர் இருக்கலாம் என்பது விகிதம். மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். 1948இல் "நீ என்ன?" என்ற கேள்வியாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை; தலை எண்ணிக்கை மட்டும். போகிறவர் யார், இருப்பவர் யார் என்று தீரும்வரை ஒரே காம்பராவில் தாய்க்கு ஒரு நாடு, மகனுக்கு ஒரு நாடு. தலைமன்னார் கப்பலில் போனவர்களில் பலருக்குத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்கு விழுந்த பெயர் சிலோன்காரர். ஹட்டனில் இருந்தவரை இந்தியாக்காரர்.

சைவ சித்தாந்தம் உயிரைச் சதசத்து என்கிறது. பதியைப் போலத் தானே விளங்கும் சத்தும் அல்ல, பாசத்தைப் போல அறிவற்ற அசத்தும் அல்ல. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகத் தோன்றும். பளிங்கு தன் பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதைப் போல. சார்த்தரின் கத்தி உவமையை விட இது மலையகத்துக்குப் பொருத்தம் என்பேன். சார்த்தரின் மனிதன் தன் விருப்பத்தால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். பொகவந்தலாவையில் பதினெட்டு வயதில் பேர் பதிந்த பெண்ணுக்கு அந்த அளவு விசாலமான விருப்பத்தை எவரும் விட்டுவைக்கவில்லை. அவள் லயத்தைச் சார்ந்து நின்றாள். ஊர் அவளைத் தோட்டக்காட்டாள் என்றது. சித்தாந்தி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: நிறம் பூவினுடையது, பளிங்கினுடையதல்ல. இந்தியாக்காரர், சிலோன்காரர், கள்ளத்தோணி எல்லாம் சார்பால் ஒட்டிய நிறங்கள். சார்பை மாற்றினால் நிறம் மாறும். பளிங்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கும். அதனால்தான் சார்பு எது என்பது சின்ன விஷயமல்ல. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடையாக 2018 திருத்தம் வரும்வரை இருந்தது. வாக்குப் போட்டுச் சபையைத் தேர்ந்தவருக்கு அந்தச் சபையால் ஒரு பாலம் கட்டித்தர முடியவில்லை. லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து எப்போது வந்து சேர்கிறதோ அப்போது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகளின் கதை எந்த டிவிசனிலும் கேட்கக் கிடைக்கும்.

எதிர்த்திசையில் மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். 1911 முதல் குடிசன மதிப்பீடு தந்த "இந்தியத் தமிழர்" வந்த இடத்தைச் சொல்கிறது; இது இருக்கும் இடத்தைச் சொல்கிறது. மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தன் சிறுகதைத் தொகுதிக்கு "நாமிருக்கும் நாடே" என்று தலைப்பு வைத்ததும் இந்தக் காரியத்தைத்தான் செய்தது. 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் வேறு எதையும் நிறுவப் போகவில்லை. நடந்து வந்தார்கள், இருக்கிறோம் என்றார்கள். ஆனாலும் இந்தப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு தலையில் வைத்துக் கொண்டாட எனக்கு மனமில்லை. தமிழருக்கு எதிரான கலவரங்களுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களும், கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளும் மலையில் இல்லை. பெயர் நாளைக்கு ஓர் இலக்கணமாக இறுகி, "நீ மலையகமா?" என்று அவர்களைக் கேட்கத் தொடங்கினால் பழைய சட்டத்தின் வேலையை நாமே செய்தவர்களாவோம்.

சட்டம் வரிசையை ஓரளவு நேராக்கியது 2003இல். அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் இங்கே வசிக்கும் அவர்கள் வழிவந்தவர்களும் குடிமக்கள் என்றது. பூட்டனின் பிறப்புச் சான்று கேட்கப்படவில்லை. இங்கே இருக்கிறாயா என்பதே கேள்வி. மெய்கண்டாரின் முதல் இயலுக்கு வந்து சேர 55 ஆண்டுகள் பிடித்தன.

சேராதவர்களும் உண்டு. போர்க்காலத்தில் தப்பிப் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்த மலையக வழியினர் ஆயிரக்கணக்கில் அகதி முகாம்களில் இருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினர் என்பதற்காக இலங்கை விலக்கிய குடும்பங்களை, இலங்கையிலிருந்து அனுமதியின்றி வந்தவர்கள் என்பதற்காக இந்தியச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்கிறது. இத்தகைய 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. அந்த முகாம்களில் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. தகர வில்லை அணிந்த பாட்டன்மார் கப்பலுக்குக் காத்திருந்த மண்டபம்தான். இதைத் தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் அந்த மக்களைப் பற்றி ஒருமுறை கேளுங்கள்.